கடைக் கொப்பியும் பைதன் கோடும்

“இந்தப் பிள்ளையின்ட பேர் எங்க தம்பி?”

அக்கா கேட்டது அவ்வளவுதான். எனக்குத்தான் வியர்த்தது.

விசயம் இதுதான். எங்கட பக்கத்திலிருந்து வெளிநாடு போன சிலர் சேர்ந்து, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களில் வசதி குறைந்த இருபது பேருக்கு மாதாந்தம் உதவி செய்வதென்று முடிவெடுத்தார்கள். அறுபதுக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தன. குடும்ப வருமானம், தாய் தகப்பன் இருக்கினமா, இன்னும் எத்தனை சகோதரம் படிக்குது, வீடு எவ்வளவு தூரம் எண்டு பார்த்துப் புள்ளி போட்டு, பட்டியல் தயாரிக்க வேண்டும். “நீ கம்பியூட்டர் படிக்கிறாய்தானே” எண்டு வேலையை என்னட்டத் தந்தார்கள். ஒரே இரவில் பைதனில் எழுதி முடித்தேன். ஓடியது. ஒரு எரர்கூட இல்லை. இருபது பேரின் பெயரும் வடிவாக வரிசையில் வந்து நின்றது.

அக்கா அந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்க வீடு வீடாகப் போய் வந்தவ. பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தா. பிறகு அந்தக் கேள்வி. “தகப்பன் இல்லை. தாய் தோட்டத்தில கூலிக்குப் போறா. கீழ மூண்டு பேர் படிக்குதுகள். இந்தப் பிள்ளை வராட்டி வேற ஆர் வாறது?”

“கம்பியூட்டர் போட்ட புள்ளி அக்கா” எண்டு சொல்ல வாய் வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தை எடுத்துப் பேனையால் கூட்டிப் பார்த்தேன். முதல் மூன்று பேருக்குள் வர வேண்டிய புள்ளி. பட்டியலில் பெயரே இல்லை.

பிழை எங்கே எண்டு கண்டுபிடிக்க இரண்டு மணித்தியாலம் போனது. விண்ணப்பங்கள் ஒரு லிஸ்டில் இருந்தன. அவற்றுக்கான புள்ளிகள், அதே வரிசையில், இன்னொரு லிஸ்டில். முதலாவது விண்ணப்பத்துக்கு முதலாவது புள்ளி, இரண்டாவதுக்கு இரண்டாவது, இப்படி. இடையில், வந்த விண்ணப்பங்களை எல்லாம் ஒருக்கால் அச்சிட்டுப் பார்ப்பதற்காக ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதியிருந்தேன். பார்க்க வடிவாக இருக்கட்டுமே எண்டு அதற்குள் பெயர்களை அகரவரிசைப்படுத்த ‘சோர்ட்’ போட்டிருந்தேன். பைதனில் லிஸ்டின் ‘சோர்ட்’ புதிய லிஸ்ட் ஒன்றைத் தராது. இருக்கிற லிஸ்டையே பிடித்துக் குலுக்கி அடுக்கிவிடும். புள்ளிகள் பழைய வரிசையில் நிற்க, விண்ணப்பங்கள் அகரவரிசைக்கு மாறிவிட்டன. ஒருவரின் புள்ளி இன்னொருவரின் தலையில் விழுந்தது.

அந்த ஃபங்ஷனின் பெயர் ‘காட்டு’. காட்டுவதுதான் அதன் வேலை எண்டு எழுதிய நானே நம்பியிருந்தேன். ஆனால் அது காட்டிக்கொண்டே மாத்தியும் விட்டது. எரர் அடித்திருந்தால் அந்த இரவே பிடித்திருப்பேன். பைதனுக்கு இதில் பிழை எதுவும் இல்லை. அறுபது விண்ணப்பம், அறுபது புள்ளி, கணக்குச் சரி. தவறிப்போனது ஒரு பிள்ளையின் பெயர் மட்டும்தான்.

‘ஃபங்ஷனல் புரோகிராமிங்’ எண்டு ஒன்றைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். லாம்டா, மேப், மொனாட் எண்டு பயமுறுத்துகிற சொற்களோடுதான் அது பெரும்பாலும் வரும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பைதனில் எழுதுகிற எங்களுக்கு அந்த முறையிலிருந்து தேவைப்படுவது அதன் ஒழுக்கம். அலங்காரம் அல்ல. நான் இரண்டையும் போட்டுக் குழப்பி, அடிபட்டுத்தான் இதை விளங்கிக்கொண்டேன்.

அந்த ஒழுக்கம் எங்களுக்குப் புதிதும் இல்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்களுக்குச் சார்பு எண்டால் என்னவென்று தெரியும். எக்ஸுக்கு ஒரு பெறுமானத்தைக் கொடுத்தால் ஒரு விடை வரும். அதே பெறுமானத்தை நாளைக்குக் கொடுத்தாலும் அதே விடைதான் வரும். விடையைக் கண்டதால் எக்ஸ் மாறிப்போகாது. கணிதப் பாடத்தில் இதை யாரும் ஒரு விதியாகச் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் வேறு மாதிரி இருக்கவே முடியாது. அடுத்த பாடவேளையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்துக்குப் போய்ப் பைதன் எழுதத் தொடங்கும்போது, அதே ‘ஃபங்ஷன்’ என்ற பெயரில் முற்றிலும் வேறொரு ஆளைச் சந்திக்கிறோம். இவர் உள்ளே வந்த லிஸ்டை மாத்துவார், வெளியே கிடக்கிற மாறியைத் தொடுவார், கோப்பு எழுதுவார், திரையில் அச்சடிப்பார். வெளியே இருந்து பெயரை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கணிதத்தில் உள்ளதுபோல நடக்கிற ஃபங்ஷனைத் தூய ஃபங்ஷன் எண்பார்கள். இரண்டே நிபந்தனை. உள்ளே கொடுத்ததை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும். விடை சொல்வதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது. இதற்குத் துணையாக வருவது, ஒருமுறை உருவாக்கிய தரவை மாத்தாமல், தேவைப்பட்டால் புதிதாக ஒன்றை உருவாக்குகிற பழக்கம்.

இரண்டாவதற்கு எங்கட ஊர்க் கடைக்காரரின் கடன் கொப்பியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் அழிரப்பர் பாவித்து நான் கண்டதில்லை. ஐநூறு ரூபா கடன், இருநூறு கட்டியாச்சு எண்டால், ஐநூறை அழித்துவிட்டு முந்நூறு எண்டு எழுத மாட்டார். கீழே இன்னொரு வரி போடுவார். வரவு இருநூறு, மிச்சம் முந்நூறு. மாதக் கடைசியில் “நான் அண்டைக்குத் தந்தனானே” எண்டு யாராவது சண்டைக்கு வந்தால், கொப்பியைத் திருப்பிக் காட்டுவார். சண்டை அதோடு முடியும். அழித்து எழுதியிருந்தால் மிச்சம் எவ்வளவு எண்டு மட்டும்தான் கொப்பி சொல்லும். அது எப்படி வந்தது எண்டு சொல்லாது.

என்ட கோட் முழுக்க அழிரப்பராக இருந்தது.

திருத்தி எழுதினபோது செய்தவை சின்ன விசயங்கள்தான். ‘சோர்ட்’ இருந்த இடத்தில் ‘சோர்ட்டட்’ போட்டேன். இது பழைய லிஸ்டைத் தொடாமல் அடுக்கிய புதிய லிஸ்ட் ஒன்றைத் திருப்பித் தரும். அது இருக்கிற லிஸ்டையே மாத்துகிறது எண்டு ஞாபகப்படுத்தத்தான் பைதனைச் செய்தவர்கள் ‘சோர்ட்’டை எதையும் திருப்பித் தராமல் விட்டிருக்கிறார்கள். விடையாக ‘நன்’ வந்தால் ‘கவனம், நான் உன்ட லிஸ்டையே மாத்திப்போட்டன்’ எண்டு அர்த்தம். அந்தக் குறிப்பை நான் இவ்வளவு நாளும் கவனித்ததில்லை.

இரண்டு லிஸ்ட்களை வரிசையை நம்பிச் சமாந்தரமாக ஓடவிட்டதும் என்ட பிழைதான். பெயரையும் விபரங்களையும் புள்ளியையும் ஒரே பதிவாகக் கட்டினேன். பைதன் 3.7இல், 2018இல், வந்த ‘டேட்டாகிளாஸ்’ இதற்கு நல்லது. ‘ஃப்ரோசன்’ எண்டு போட்டுவிட்டால் பிறகு அந்தப் பதிவின் எந்தப் பகுதிக்கும் புதுப் பெறுமானம் கொடுக்க விடாது. முயன்றால் எரர் அடிக்கும். எனக்குத் தேவைப்பட்டதும் அந்த எரர்தான். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். உறைந்த பதிவுக்குள்ளே ஒரு லிஸ்டை வைத்தால் அந்த லிஸ்ட் உறையாது. அதனால் உள்ளே லிஸ்டுக்குப் பதில் டியூபிள் வைத்தேன்.

பிறகு புள்ளி போடுகிற ஃபங்ஷன். அதற்குள்ளே இன்னொரு கள்ளன் ஒளிந்திருந்தான். பதினெட்டு வயது நிரம்பாத சகோதரம் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி எண்டு விதி. வயதைக் கணக்கிட ஃபங்ஷனுக்குள்ளேயே இன்றைய திகதியை எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஓட்டினால் ஒரு புள்ளி, இடையில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் திங்கட்கிழமை ஓட்டும்போது இன்னொரு புள்ளி. விண்ணப்பத்தில் ஒரு எழுத்தும் மாறாமல் பிள்ளையின் இடம் மாறும். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வருகிற இப்படிப்பட்ட உள்ளீடுதான் தூய ஃபங்ஷனின் முதல் நிபந்தனையை உடைப்பது. விண்ணப்ப முடிவுத் திகதியை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாத்தினேன். அவ்வளவுதான், எந்த நாள் ஓட்டினாலும் ஒரே விடை.

கடைசியில் செய்நிரல் மூன்று துண்டாக நின்றது. முதல் துண்டு கோப்பை வாசிக்கும். கடைசித் துண்டு அச்சிடும். நடுவில் இருக்கிற புள்ளி போடுதலும் வரிசைப்படுத்தலும் வெளியுலகத்தையே தொடாது. கோப்பும் தெரியாது, திகதியும் தெரியாது, திரையும் தெரியாது. வெளியுலகத்தைத் தொடாமல் செய்நிரல் எழுத முடியாதுதான். பட்டியல் அச்சாகாவிட்டால் யாருக்குப் பிரயோசனம்? ஆனால் தொடுகிற வேலையை ஓரங்களுக்குத் தள்ளி, தீர்மானிக்கிற வேலையை நடுவில் தனியே வைக்கலாம்.

இந்த மட்டில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. புதிதாய் மதம் மாறினவன் போல ஆகிவிட்டேன். யூடியூப்பில் நாலு வீடியோ பார்த்தேன். எல்லா லூப்களையும் தூக்கி எறிந்தேன். மேப்புக்குள் ஃபில்டர், அதற்குள் லாம்டா, எல்லாவற்றையும் சுற்றி ஒரு ரிடியூஸ். இருபது வரி மூன்று வரியாகியது. பெருமையோடு உயர்தரம் படிக்கிற எங்கட வீட்டுத் தம்பியிடம் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அண்ணா, இது எந்தப் பக்கத்தில இருந்து வாசிக்கிறது?”

அவன் கேட்டது நியாயம். உள்ளேயிருந்து வெளியே வாசிக்க வேண்டிய கோட் அது. இரண்டு கிழமைக்குப் பிறகு எனக்கும் அதே கேள்வி வந்தது.

அந்தத் தம்பியின் பக்கம் நின்றவர்களில் பைதனைப் படைத்த குய்டோ வான் ரோசமும் ஒருவர். லாம்டா, மேப், ஃபில்டர், ரிடியூஸ் நான்கும் 1994இல் வந்த பைதன் 1.0இலேயே இருந்தன. லிஸ்ப் பழகிய ஒருவர் அவை இல்லையே எண்டு எழுதிக் கொடுத்ததைச் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2005இல், அடுத்த பெரிய பதிப்பில் நான்கையுமே நீக்கிவிட விரும்புவதாக எழுதினார். ரிடியூஸில்தான் அவருக்குக் கோபம் கூட. கூட்டலும் பெருக்கலும் தவிர்ந்த எதற்காவது அதைப் பாவித்திருந்தால், என்ன நடக்குது எண்டு விளங்கக் கடதாசியும் பேனையும் எடுக்க வேண்டியிருக்கு எண்பது அவரது முறைப்பாடு. 2008இல் பைதன் 3 வந்தபோது மற்ற மூன்றும் தப்பிவிட்டன. ரிடியூஸ் மட்டும் ‘ஃபங்டூல்ஸ்’ என்ற அறைக்குள் அனுப்பப்பட்டது.

ஆனால் இதே பைதன்தான் 2000ஆம் ஆண்டு, 2.0 பதிப்பில், ஹாஸ்கெல் என்ற தூய ஃபங்ஷனல் மொழியிடமிருந்து லிஸ்ட் காம்பிரிஹென்ஷனைக் கடன் வாங்கியது. ‘இந்த விண்ணப்பங்களில், வருமானம் இவ்வளவுக்குக் கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும், புள்ளி’ எண்டு ஒரு வசனம் போல வாசிக்கலாம். லூப் போட்டு, வெறும் லிஸ்ட் ஒன்றை வைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகத் தேவையில்லை. பழைய லிஸ்ட் அப்படியே கிடக்கும், புதியது ஒன்று பிறக்கும். ஒழுக்கமும் இருக்கு, தம்பிக்கும் விளங்குது. பைதனில் ஃபங்ஷனல் எண்டால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

அலங்காரத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கு. வெளிப்பார்வைக்கு ஃபங்ஷனலாகத் தெரிகிற எல்லாமே உள்ளே தூய்மையானவை அல்ல. பைதன் 3இல் மேப்பும் ஃபில்டரும் லிஸ்ட் தருவதில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருகிற இட்டரேற்றர் ஒன்றைத்தான் தரும். ஒருமுறை முழுதாக எடுத்துவிட்டால் அது காலி. தகுதி பெற்றவர்களை ஃபில்டரால் பிரித்து, எத்தனை பேர் எண்டு முதலில் எண்ணிப் பார்த்தேன். சரியான எண் வந்தது. அடுத்த வரியில் பெயர்களை அச்சிட்டேன். ஒரு பெயரும் வரவில்லை. எண்ணும்போதே குடித்து முடித்தாயிற்று. இதற்கும் எரர் இல்லை. ‘சோர்ட்’ செய்த அதே வேலையை இன்னொரு உடுப்புப் போட்டுக்கொண்டு இது செய்தது.

அதேபோல, லூப்பை ஒழிக்கிறேன் எண்டு ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டு போகும்படி எழுதினால், வழக்கமான அமைப்பில் ஆயிரம் அழைப்பு ஆழத்தோடு பைதன் மறித்துவிடும். ஹாஸ்கெலில் சாதாரணமாக நடப்பதை இங்கே இழுத்துக்கொண்டு வரக்கூடாது. பைதனில் ஃபோர் லூப் எழுதுவது பாவம் இல்லை. ஃபங்ஷனுக்குள்ளே புதிதாய்ப் பிறந்த ஒரு லிஸ்டை அங்கேயே நிரப்பி, முடிந்ததும் திருப்பித் தந்தால், வெளியே நிற்பவருக்கு அது தூய ஃபங்ஷன்தான். யாருடைய லிஸ்டை மாத்துகிறோம் எண்பதுதான் கேள்வி.

“இதெல்லாம் சரி மச்சான், ஒவ்வொருக்காலும் புது லிஸ்ட் செய்தால் மெமரி?” எண்டு நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கான எண்களை நம்பை அரேயில் வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிற இடத்திலேயே மாத்துவதற்குக் காரணம் இருக்கு. ஆனால் எங்களில் அனேகம் பேர் எழுதுவது அறுபது வரி, அறுநூறு வரி தரவுக்கு. அங்கே நாங்கள் மிச்சம் பிடிக்கிற மெமரி ஒரு வட்ஸ்அப் படத்தின் அளவுகூட வராது. அதற்கு விலையாகக் கொடுப்பது, எந்த வரி எதை மாத்தியது எண்டு இரவிரவாகத் தேடுகிற எங்கட நித்திரை.

“சின்ன ஸ்கிரிப்ட்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு?” எண்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நான் பதிலாகச் சொல்வது, அந்தப் பட்டியலில் கடைசியாகக் கண்டுபிடித்த விசயத்தை.

இருபதாம் இடத்தில் இருவருக்குச் சம புள்ளி. செய்நிரல் ஒருவரை உள்ளே எடுத்தது, மற்றவரை வெளியே விட்டது. ஏன்? பைதனின் அடுக்கும் முறை, சமமாக இருப்பவற்றை அவை வந்த வரிசையிலேயே விட்டுவிடும். அது பைதன் தருகிற உத்தரவாதம், நல்ல குணமும்கூட. ஆனால் இங்கே அதன் அர்த்தம் என்ன? யாருடைய விண்ணப்பம் கோப்பில் முதலில் இருந்ததோ அவருக்கு உதவி. வீட்டில் இணைய வசதி இருந்து முதல் நாளே அனுப்பினவருக்கு முன்னுரிமை. அப்படி ஒரு விதியை அக்காவோ, காசு சேர்த்தவர்களோ, நானோ தீர்மானிக்கவில்லை. கோட் தன்பாட்டில் தீர்மானித்தது.

வரிசைப்படுத்துகிற ஃபங்ஷன் தனியே, தெளிவாக நின்றதால்தான் அது கண்ணில் பட்டது. அக்காவிடம் கேட்டேன். “புள்ளி சமமெண்டால் வருமானம் குறைஞ்ச பிள்ளைக்குக் குடு” எண்டா. அடுக்குவதற்கான சாவியாகப் புள்ளியையும் வருமானத்தையும் ஒரு டியூபிளாகக் கொடுத்தேன். ஒரு வரி மாற்றம். இப்போது அந்த விதி கோட்டில் எழுத்தில் இருக்கு. கேட்டால் காட்டலாம்.

இந்த நாட்டில் பட்டியல்கள்தான் பல பேரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. இசட் புள்ளி வெட்டுப்புள்ளிக்கு மேலா கீழா என்பதில் ஒரு குடும்பத்தின் பத்து வருடத் திட்டம் தொங்கும். 2023இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வந்தபோது மேன்முறையீட்டு விண்ணப்பங்களோடு சனம் பிரதேச செயலக வாசல்களில் நின்றது. அதற்கெல்லாம் யாரோ எழுதிய கோட்தான் காரணம் எண்டு நான் சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரிந்த விசயமும் இல்லை. நான் சொல்வது வரிசையில் நின்றவர்கள் கேட்ட கேள்வியைப் பற்றி. “ஏன் என்ட பேர் இல்லை?” என்பது உலகத்திலேயே மிக நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத செய்நிரலை எழுதுவதற்கு எங்களுக்கு உரிமை இல்லை எண்டுதான் நினைக்கிறேன். எங்களில் சில பேர் நாளைக்கு வங்கியிலும் திணைக்களங்களிலும் போய் இருந்து இதைவிடப் பெரிய பட்டியல்களுக்குக் கோட் எழுதப்போகிறோம். பழக்கம் இப்போதே, அறுபது வரித் தரவில்தான் வர வேண்டும்.

தூய ஃபங்ஷன் அந்தப் பதிலை இலகுவாக்குகிறது. ஒரு விண்ணப்பத்தை எடு, ஃபங்ஷனுக்குக் கொடு, விடையைப் பார். அந்த விடைக்கு வேறெந்த விண்ணப்பமும், வேறெந்த வரியும், எந்த நாளும் காரணமாக இருக்க முடியாது. பேனையால் கூட்டியும் சரிபார்க்கலாம். விதி பிழையாக இருந்தால் பிழையான விடைதான் வரும். தூய்மை நியாயத்தைக் கொண்டுவராது. ஆனால் பிழை எங்கே இருக்கு எண்டு விரல் வைத்துக் காட்டலாம்.

நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கு. நீங்கள் எழுதிய பழைய பைதன் கோப்பு ஒன்றைத் திறவுங்கள். ஒவ்வொரு ஃபங்ஷனிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். உனக்கு நான் தந்ததைவிட வேறெதையாவது பார்த்தாயா? விடை தந்ததைவிட வேறெதையாவது செய்தாயா? இரண்டுக்கும் ‘இல்லை’ எண்டு சொல்கிறவற்றை ஒரு பக்கம் வையுங்கள். மற்றவற்றில் எதை ஓரத்துக்குத் தள்ளலாம் எண்டு பாருங்கள். லாம்டா ஒன்றுகூடத் தேவையில்லை.

பைதன் 3 ஃபங்ஷன்களுக்கும் மாறிகளுக்கும் தமிழில் பெயர் வைக்க விடும். திருத்திய கோட்டில் நடுத் துண்டு முழுக்கத் தமிழ்ப் பெயர்தான் வைத்தேன். அதை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அவவுக்குக் கம்பியூட்டர் தெரியாது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாக விரல் வைத்து வாசித்தா. ‘தகப்பன் அல்லது தாய் இல்லை எனில்’ என்ற இடத்தில் நின்றா.

“இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கும் இதே புள்ளிதானா தம்பி?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. திரும்பவும் போய் உட்கார்ந்தேன்.